நாய், பூனை தொலைந்தால் அது உங்களுடையது என்று யாருக்குத் தெரியும்? மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து மக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தீபாவளியோ சீனப் புத்தாண்டோ, பட்டாசு வெடித்த மறுநாள் காலையில் நம் வட்டார வாட்சப் குழுக்களைத் திறந்தால் போதும். "எங்க வீட்டு நாயைக் காணோம், பார்த்தா சொல்லுங்க" என்று படங்கள் வரிசையாக வரும். பாதிப் படத்தில் நாய் தூங்கிக்கொண்டிருக்கும், மீதியில் பிள்ளையின் முகம்தான் தெளிவாக இருக்கும், நாய் ஓரத்தில் கறுப்பாகத் தெரியும். அந்த நாய் பெரும்பாலும் செத்துப்போயிருக்காது, எங்கோ ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும், ஆனால் அது யாருடையது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் அதைப் பற்றித்தான். அண்ணன்மார், அக்காமார், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்ட கேள்விகளைத் திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன்.

தோட்டத்தில் எல்லாருக்கும் எங்கள் நாயைத் தெரியும். தனியாக அடையாளம் எதற்கு?

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவரை தெரியும், ஒத்துக்கொள்கிறேன். யார் வீட்டு நாய், யார் சோறு போடுகிறார்கள், எந்தப் பிள்ளை பின்னால் பள்ளி பஸ் வரைக்கும் போகும் என்பதுவரை தெரியும். ஆனால் நாய் தொலைவது லயத்துக்குள் இல்லையே. பயந்து ஓடுகிற நாய் செம்பனைக் காட்டைத் தாண்டி அடுத்த டிவிஷனுக்குப் போகும், பெரிய சாலையைக் கடந்து தாமானுக்குள் (வெளியே உள்ள குடியிருப்புக்குள்) நுழையும். அங்கே அதைப் பார்க்கிறவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருக்கலாம், மலாய்க்காரப் பாட்டியாக இருக்கலாம், சீனர் கடை முதலாளியாக இருக்கலாம். உங்களையும் தெரியாது, உங்கள் நாயையும் தெரியாது. பூனைக்கு இன்னொரு வழியும் உண்டு: குலை ஏற்றும் லாரியிலோ காரின் என்ஜின் ஓரத்திலோ படுத்துத் தூங்கிவிட்டு, வண்டி நின்ற இடத்தில் இறங்கிவிடும்.

இன்னொன்று. பழைய ஆட்கள் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். "எல்லாருக்கும் தெரியும்" என்ற அந்த "எல்லாரும்" இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

கழுத்துப்பட்டை. அதில் உங்கள் கைப்பேசி எண், கொட்டை எழுத்தில், நாலடி தள்ளி நின்றாலும் படிக்கிற மாதிரி.

"நாலடி தள்ளி" என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் விற்கும் எலும்பு வடிவத் தகடு அழகுதான், ஆனால் அதைப் படிக்க வேண்டுமானால் நாயின் கழுத்தைப் பிடித்துத் தகட்டைத் திருப்ப வேண்டும். முன்பின் தெரியாத நாயின் கழுத்தில் யார் கை வைப்பார்கள்? கடித்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் பரவியதற்குப் பிறகு அந்தப் பயம் கூடியிருக்கிறது, அது நியாயமும்கூட. முஸ்லிம் அண்டை வீட்டார் பலர் நாயைத் தொட மாட்டார்கள், தொட்டால் முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். அவர்களுக்கு உதவ மனசில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண் எட்ட நின்று தெரிந்தால் அந்த மக்சிக்தான் (மலாய்க்கார அம்மாதான்) முதலில் போன் பண்ணுவார், தண்ணீரும் வைப்பார்.

அதனால் தொங்குகிற தகட்டைவிடப் பட்டையிலேயே எண் இருப்பது நல்லது. வெளிர் நிறப் பட்டையில் கறுப்பு எண், அல்லது கறுப்புப் பட்டையில் வெள்ளை எண். ஒவ்வோர் இலக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். இடம் மிஞ்சினால் நாயின் பெயரை எழுதாமல் இரண்டாவது எண்ணை எழுதுங்கள், ஈப்போவில் இருக்கும் தங்கச்சி எண்ணோ சித்தப்பா எண்ணோ, யாராவது ஒருவர் போனை எடுக்க வேண்டும். பக்கத்தில் மலாயில் "சிலா டெலிபோன்" என்று இரண்டே சொல் போட்டால் யாருக்கும் புரியும்.

மார்க்கர் பேனாவில் எழுதினால் ஒரு மழைக்கே அழிந்துவிடுகிறதே?

அழியத்தான் செய்யும். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் எந்த மையும் நிற்காது. பள்ளிச் சீருடை விற்கும் கடையில் பிள்ளைகளுக்குப் பெயர்ப்பட்டை நூலால் தைத்துக் கொடுப்பார்கள் அல்லவா? அங்கேயே கைப்பேசி எண்ணைக் கொடுத்து, பெயர் இருக்கிற இடத்தில் எண்ணைத் தைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு இரண்டாகத் தைத்து வாங்கி, பட்டையின் இரு பக்கமும் வைத்து நாலு ஓரமும் தைத்துவிடுங்கள். நாய் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் தெரியும், வெயிலில் வெளுத்தாலும் நூல் எழுத்து மேடாக நிற்கும், படிக்கலாம்.

தகடுதான் வேண்டும் என்றால் சாவி வெட்டும் கடையில் பொறித்துத் தருவார்கள். அதைத் தொங்கவிடாமல் பட்டையோடு ஒட்டிப் படுக்கிற மாதிரி ஆணி அடித்துக்கொள்ளுங்கள். தொங்குகிற வளையம் தேய்ந்து விழும், வேலிக் கம்பியிலும் மாட்டும்.

பட்டை எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளர்கிற குட்டிக்கு வாரா வாரம் விரலை விட்டுப் பாருங்கள், தயவுசெய்து. குட்டியில் போட்ட பட்டையை மறந்துவிட்டு, அது சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்த நாய்களைத் தோட்டங்களில் பார்க்கலாம். ரொம்ப வேதனையான காட்சி அது, ஒரு நிமிடச் சோதனையில் தடுத்திருக்கலாம். மழையில் நனைந்தால் பட்டையைக் கழற்றிக் காயவைத்துப் போடுங்கள், இல்லையென்றால் கழுத்தில் புண் வரும்.

காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கும் இடங்களில் நாயைத் தனியாக அலையவிட வேண்டாம். பட்டை போட்டாலும் போடாவிட்டாலும் கண்ணி கண்ணிதான்.

பூனைக்குப் பட்டை போட்டால் எங்காவது மாட்டித் தூக்குப் போட்டுக்கொள்ளாதா?

நாய்க்குப் போடும் பட்டையைப் பூனைக்குப் போட்டால் அந்த ஆபத்து இருக்கிறது. பூனைக்கென்றே இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி வைத்த பட்டை விற்கிறார்கள், அதை மட்டும் வாங்குங்கள். வாங்கும்போது கையால் இழுத்துப் பாருங்கள், கழலவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

"எங்கள் பூனை பட்டையே போடவிடாது" என்று பலர் முயற்சிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 538 பூனைகளுக்குப் பட்டை போட்டு ஆறு மாதம் கவனித்தார்கள், கிட்டத்தட்ட 73 விழுக்காடு பூனைகள் கடைசிவரை பட்டையோடு இருந்தன. முதல் நாலைந்து நாள் உருண்டு புரளும், பின்னங்காலால் சொறியும், அப்புறம் மறந்துவிடும். கழலும் பட்டை என்றால் எப்போதாவது கழன்று தொலையத்தான் செய்யும். அதற்குத்தான் பூனைக்கு மைக்ரோசிப் நாயைவிட அவசியம் என்கிறேன்.

மைக்ரோசிப் என்பது என்ன? அதை வைத்து நாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமா?

பார்க்க முடியாது. இதைத்தான் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிப் போட்டால் கைப்பேசியில் வரைபடத்தில் நாய் நடமாடும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

சிப் என்பது அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி, நீளம் 12 மில்லிமீட்டர் போல இருக்கும். கால்நடை மருத்துவர் அதை ஊசி வழியாகத் தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் வைப்பார். தடுப்பூசி ஊசியைவிடக் கொஞ்சம் தடிமன், மயக்க மருந்து தேவையில்லை, வலி ஒரு நொடிதான். அதற்குள் பேட்டரி கிடையாது, அதனால் தீர்ந்துபோவதற்கு ஒன்றுமில்லை. சும்மா இருக்கும். ஸ்கேனர் கருவியைப் பக்கத்தில் கொண்டுவந்தால், அந்தக் கருவியின் அலையிலிருந்தே சக்தி எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

உலகத் தரப்படி அந்த எண் 15 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும் (மலேசியாவுக்கு 458) அல்லது 900-க்கு மேல் இருந்தால் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். உங்கள் பெயர், முகவரி, போன் எண் எதுவும் சிப்புக்குள் இல்லை. அவை ஒரு பதிவேட்டில் இருக்கின்றன, எண்ணை வைத்து அங்கே தேட வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் வசதி இல்லை என்றால் ஈப்போ அரை மணி நேரம்தான், அங்கே கால்நடை மருத்துவமனைகள் பல இருக்கின்றன. போகும் முன் போன் பண்ணி "சிப் போடுவீர்களா, 15 இலக்கமா, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவீர்கள்" என்று கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்குக் கொண்டுபோகும் நாளிலேயே சிப்பும் போட்டுவிட்டால் ஒரே பயணம், மயக்கத்தில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

என் கைப்பேசியில் சிப்பைப் படிக்க முடியாதா? கார்டைத் தொட்டுப் பணம் கட்டுகிறதே?

முடியாது. கைப்பேசி படிக்கும் அலை வேறு (13.56 மெகாஹெர்ட்ஸ்), நாய்க்குப் போடும் சிப்பின் அலை வேறு (134.2 கிலோஹெர்ட்ஸ்). மருத்துவரிடம் இருக்கும் தனி ஸ்கேனர்தான் வேண்டும். சிப் சில சமயம் தோளுக்கோ நெஞ்சுப் பக்கமோ நகர்ந்திருக்கும், அதனால் முதுகோடு நிறுத்தாமல் உடம்பு முழுவதும் மெதுவாக ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வருடத் தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை படித்துக் காட்டச் சொல்வதும் நல்ல பழக்கம்.

சிப் போட்டாச்சு. இனிமேல் கவலை இல்லைதானே?

உங்கள் போன் எண்ணை மாற்றாதவரை. 2009-இல் அமெரிக்காவில் லிண்டா லார்ட் என்ற ஆய்வாளரின் குழு 53 காப்பகங்களில் ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது. அங்கே வந்து சேர்ந்த நாய்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் சுமார் 22 விழுக்காடுதான் உரிமையாளரிடம் திரும்பின, சிப் இருந்த நாய்களில் 52 விழுக்காடு திரும்பின. பூனையில் இன்னும் பெரிய வித்தியாசம்: மொத்தத்தில் 2 விழுக்காடுகூட இல்லை, சிப் இருந்தவற்றில் 38 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத பிராணிகளும் இருந்தன, அதற்குப் பெரிய காரணம் என்ன தெரியுமா? பதிவேட்டில் இருந்த போன் எண் தவறு, அல்லது வெட்டப்பட்ட எண்.

இது நமக்கு அப்படியே பொருந்தும். முன்கட்டண சிம் வாங்குவோம், ரீலோட் பண்ணாமல் விடுவோம், எண் போய்விடும், புது எண் வாங்குவோம். இங்கே 2008-லிருந்தே நிறுவனம் மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம், தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். எண் மாறியே ஆக வேண்டும் என்றால் வங்கிக்குச் சொல்கிற அன்றே சிப் பதிவேட்டுக்கும் சொல்லுங்கள், பட்டையையும் மாற்றித் தைத்துவிடுங்கள். சிப் போட்ட அன்று கொடுக்கும் ஸ்டிக்கரைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, அதைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் கைப்பேசியிலாவது வைத்திருங்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, மருத்துவமனை பெயரிலேயே நின்றுவிட்டதா என்றும் பாருங்கள், இது பலர் கவனிக்காத விஷயம்.

நாய் உரிமம் எதற்கு? கட்டினால் என்ன பயன்?

தீபகற்ப மலேசியாவில் நாய் வளர்க்க உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நமக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். உரிமத்தோடு எண் பொறித்த வில்லை கொடுப்பார்கள், அதை நாயின் பட்டையில் மாட்டவேண்டும். நாய் பிடிக்கும் வண்டி வரும்போது வில்லை இல்லாத நாயைத் தெருநாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வேறு வழி கிடையாது. வில்லை இருந்தால் அந்த எண்ணிலிருந்து உங்கள் பெயருக்கு வர முடியும். கட்டணம், என்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்பதை முகப்பிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமம் கட்டினால் வம்பு வரும் என்று ஒளித்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒளித்து வளர்த்த நாய் பிடிபட்டால் அதைக் கேட்டுப் போவதற்கு உங்கள் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

ஏர்டேக் (ஆப்பிள் நிறுவனத்தின் பொருள் தேடும் வில்லை) மாட்டினால் போதாதா?

பட்டணத்தில் ஓரளவு உதவும். ஏர்டேக் தானாக எங்கே இருக்கிறது என்று சொல்லாது, பக்கத்தில் போகிற ஐபோன்கள் அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் ஐபோனோடு யார் நடக்கிறார்கள்? ஆப்பிள் நிறுவனமே அதைப் பொருள்களுக்கென்றுதான் செய்தது, பிராணிகளுக்காக அல்ல. சிம் போட்டு ஜிபிஎஸ் காட்டும் பட்டைகள் உண்மையாகவே இடத்தைக் காட்டும், ஆனால் அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும், மாதச் சந்தா இருக்கும், தோட்டத்துக்குள் கவரேஜும் வேண்டும். பணம் இருந்தால் வாங்குங்கள், தைத்த எண்ணைக் கழற்றிவிட்டு அல்ல.

எந்த மாதிரிப் படம் எடுத்து வைக்க வேண்டும்?

இன்றைக்கே எடுங்கள், பகல் வெளிச்சத்தில். இடப்பக்கம், வலப்பக்கம், நேர் முகம், நெஞ்சு, வால். நம் ஊர் நாய்கள் பாதி ஒரே பழுப்பு நிறம், பூனைகள் பாதி ஒரே வரிக்கோடு, அதனால் "பிரவுன் நாய்" என்று எழுதினால் ஊரில் உள்ள நாய் எல்லாம் அதுதான். எந்தக் காலில் வெள்ளை, காதில் வெட்டு எந்தப் பக்கம், நாக்கில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பூனைகளில் வால் மடங்கியது, குட்டையானது, முடிச்சு விழுந்தது நிறைய, பிறவியிலேயே அப்படி. எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று படம் எடுத்து வைத்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

ஒரு அடையாளத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

காணாமல் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

பூனையா நாயா என்பதைப் பொறுத்தது.

பூனை என்றால் வீட்டுப் பக்கத்திலேயே தேடுங்கள், நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில். தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வில், கிடைத்த பூனைகளில் பாதி, தப்பிய இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன, முக்கால் பங்கு 500 மீட்டருக்குள். பயந்த பூனை நீங்கள் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. லயத்துக் கால்வாய், படிக்கு அடி, விறகு அடுக்கு, கோழிக் கூண்டுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு ஸ்டோர் என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துக் கண் மின்னுகிறதா என்று பாருங்கள். இரவில் ஊர் அடங்கிய பிறகு போங்கள், கருவாடு வாசனையோடு. அண்டை வீட்டாரிடம் "பார்த்தீர்களா" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், "உங்க ஸ்டோரை ஒருதரம் திறந்து பார்க்கட்டுமா" என்று கேளுங்கள்.

நாய் ஓடும், அதனால் வேகமாகச் செய்தி பரவ வேண்டும். குலை வெட்டும் ஆட்கள், பழம் பொறுக்கும் பெண்கள், லாரி ஓட்டுநர்கள், ஜாகா (காவலாளி), இவர்கள்தான் விடியற்காலையிலிருந்து காட்டுக்குள் இருப்பவர்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) படத்தைக் கொடுத்துக் காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடத்தில்) காட்டச் சொல்லுங்கள், வாட்சப்பில் நூறு பேருக்கு அனுப்புவதைவிட அது பலன் தரும். பள்ளிப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. கோயில், சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் நிலையம், சீனர் மளிகை என்று தாள் ஒட்டுங்கள்: படம் பெரிதாக, எண் பெரிதாக, மலாயில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, முடிந்தால் சீனத்தில் ஒரு வரி.

அன்றே நகராண்மைக் கழகத்துக்கு நேரில் போங்கள், போன் மட்டும் போதாது. பிடித்த நாயைச் சில நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். ஈப்போவில் இருக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும், பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளுக்கும் சிப் எண்ணோடு தகவல் கொடுங்கள்.

நாயைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடாதீர்கள். மிரண்ட நாய் சொந்த எஜமானையே அடையாளம் தெரியாமல் ஓடும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், சாப்பாட்டைத் தூவிவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

"உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று போன் வருகிறது.

அனுப்ப வேண்டாம். இப்போதே வீடியோ அழைப்பில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், யாருக்கும் காட்டாமல் வைத்தீர்களே, அந்த அடையாளத்தைக் கேளுங்கள். உண்மையாக நாயை வைத்திருப்பவர் பார்த்துச் சொல்வார், ஏமாற்றுக்காரர் பேச்சை மாற்றுவார். நன்றிக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம், நாய் கைக்கு வந்த பிறகு.

நான் ஒரு நாயைக் கண்டெடுத்தேன். "என்னுடையது" என்று இரண்டு பேர் வருகிறார்கள்.

நீங்களும் படம் போடும்போது ஓர் அடையாளத்தை மறைத்துப் போட்டிருந்தால் இது சுலபம், அதைச் சொல்கிறவரிடம் கொடுங்கள். பழைய படங்கள், தடுப்பூசி அட்டை, உரிமம் கேட்கலாம். சந்தேகம் என்றால் மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்யுங்கள். மெலிந்திருக்கிறது, அழுக்காக இருக்கிறது என்பதால் யாரோ விட்டுவிட்டுப் போன நாய் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் காட்டில் அலைந்தால் எந்த நாயும் அப்படித்தான் ஆகும், அதைத் தேடி யாரோ அழுதுகொண்டிருக்கலாம். பூனையின் ஒரு காது நுனி நேராக வெட்டியிருந்தால், கருத்தடை செய்து அதே இடத்தில் விட்ட தெருப்பூனையாக இருக்கலாம், தூக்கிக்கொண்டு வராமல் முதலில் அங்கே சோறு போடுகிறவர் யார் என்று விசாரியுங்கள்.

தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்குப் போகிறோம். ஏதாவது செய்ய வேண்டுமா?

சாமான் ஏற்றும் நாளில்தான் நிறையத் தொலையும். கதவு திறந்தே கிடக்கும், ஆட்கள் போய் வருவார்கள். காலையிலேயே பூனையைக் கூண்டில் போட்டு ஓர் அறையில் பூட்டுங்கள், நாயைக் கட்டிப்போடுங்கள், பட்டை கழுத்தில் இருக்கட்டும். புது வீட்டில் பூனையை இரண்டு மூன்று வாரம் வெளியே விடாதீர்கள். நாய் பழைய லயத்துக்கே நடந்து போய்விடும், அதனால் பழைய அண்டை வீட்டாரிடமும் அங்கே குடிவரும் புது ஆட்களிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். தாமானில் நாய் வளர்க்க விதிமுறை வேறாக இருக்கலாம், லாரி பேசுவதற்கு முன்பே மன்றத்தில் கேளுங்கள். சிப் பதிவேட்டிலும் உரிமத்திலும் முகவரியை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.